டிரைவருக்குத் தனிக் காபி

ஓய்வு பெற்ற மறுநாள் நாகராசு ஏழு மணி வரை தூங்கினார். எழுந்து வந்து, மனைவி திலகவதி கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அறந்தாங்கி ரோட்டுக் கடையில ஒரு காப்பி போடுவாம் பாரு..." என்று இழுத்தார்.

முதல் நாள் அவள் சிரித்துவிட்டாள். பத்தாவது நாளும் அதையே சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

முப்பத்தொரு வருடம் அரசு பஸ் ஓட்டியவர் நாகராசு. அதில் கடைசிப் பத்தொன்பது வருடம் ஒரே வண்டி. திருச்சியில் எடுத்தால் புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக மணமேல்குடி. வீடு என்னவோ வழியிலேயே, புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில்தான். ஆனால் விடியும்முன் போகிறவர் என்பதால், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து காலைக் காபி குடித்த நாட்கள் குறைவு. தீபாவளி, பொங்கல் என்றால் இன்னும் மோசம், அன்றைக்குத்தான் ஸ்பெஷல் பஸ். அவருடைய காலைச் சாப்பாடு பெரும்பாலும் அந்த ரோட்டுக் கடையில். வண்டி பதினைந்து நிமிடம் நிற்கும்.

திலகவதி ஓட்டலில் சாப்பிட்டதே அபூர்வம். அவளுக்குக் கவிச்சி ஆகாது. வேண்டுதல், விரதம் எல்லாம் இல்லை. சிறு வயதிலிருந்தே அப்படி. கணவருக்கும் மகளுக்கும் மீன் குழம்பு வைத்துப் போடுவாள். தன் தட்டில் மட்டும் விழாது. வெளியே சாப்பிட உட்கார்ந்தால், இந்தக் கரண்டியை முன்னால் எதில் போட்டார்களோ என்று யோசனை வந்து சாப்பாடு இறங்காது.

"அந்தக் கடைக்கு என்னைய ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "நானும் குடிச்சுப் பாக்குறேன். சைவந்தானே?"

"சுத்த சைவம். போர்டே வச்சிருக்கான்."

சனிக்கிழமை காலை பழைய வண்டியிலேயே ஏறினார்கள். டிரைவர் புதியவர், வேறு டெப்போவிலிருந்து மாற்றலாகி வந்தவர், நாகராசுவைத் தெரியாது. நாகராசு டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

திலகவதியின் பக்கத்தில் ஜன்னலோரமாக ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். பெயர் முத்துமாரியம்மாள். மணமேல்குடியில் சத்துணவு அமைப்பாளராம். திருச்சியில் மகளைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். கடையில் இறங்குவதற்குள் இருவரும் கவிச்சி ஆகாத கதையிலிருந்து மருமகன்கள் வரை பேசி முடித்திருந்தார்கள்.

வண்டி நின்றதும் டிரைவரும் கண்டக்டரும் கடையின் ஓரத்தில் திரை போட்டிருந்த வாசலுக்குள் போனார்கள். நாகராசுவின் கால்களும் அங்கேதான் போயின. பாதியில் நின்று, "நான் இப்ப பாசஞ்சராச்சே" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். மற்றவர்களோடு வரிசையில் நின்று டோக்கன் வாங்கினார்.

காகிதக் கப்பில் காபி வந்தது. அவர் ஒரு வாய் குடித்தார். கப்புக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"மாஸ்டர் மாறிட்டாம் போல" என்றார்.

திலகவதியும் குடித்துப் பார்த்தாள். சூடு இருந்தது, சர்க்கரை இருந்தது, காபி இல்லை. இட்லிக்கு வந்த சட்னி தட்டில் நாலாபக்கமும் ஓடியது. தோசைக்கல் பக்கம் பார்த்தாள். 'சுத்த சைவம்' போர்டுக்குக் கீழேயே, ஆம்லெட் போட்ட அதே கல்லில் அதே கரண்டியால் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அந்த நேரம் திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். தோளில் துண்டு, கையில் டபரா.

"அண்ணே! நாகராசண்ணே! இங்கிட்டு ஏண்ணே நிக்கிறீங்க? யாரு, அக்காவா? உள்ள வாங்கக்கா!"

மாஸ்டர் முனியசாமி. மாறவே இல்லை.

திரைக்கு உள்ளே ஒரு சின்ன அறை. மின்விசிறி, கழுவித் துடைத்த மேசை, எவர்சில்வர் டம்ளர், டபரா. தனிக் கல்லில் நெய் தோசை முறுகிக்கொண்டிருந்தது. முனியசாமி இரண்டு காபி கொண்டு வந்து வைத்தார். திலகவதி குடித்துப் பார்த்தாள். திக்கான பால், கசப்பு நாக்கில் பட்டுத் தொண்டை வரை போய் நின்றது. கணவர் இத்தனை நாளும் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

நாகராசு டம்ளரைத் தொடவில்லை.

"முனியசாமி, வெளிய குடுக்குறாங்களே, அந்தக் காப்பி யாரு போடுறது?"

"அதுவும் நாந்தாண்ணே." முனியசாமி சிரித்தார். "மொத டிகாஷன் ஒங்க மாதிரி டிரைவர், கண்டக்டருக்கு. அதே தூள்ல ரெண்டாவது, மூணாவது தண்ணி ஊத்தி எறக்குறது வெளிய போயிரும். ஒங்களுக்குத் தெரியாததாண்ணே?"

அவருக்குத் தெரியாது. டிரைவருக்குக் காசு வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தார். காபி ஒரே காபி என்றுதான் நினைத்திருந்தார்.

திலகவதி வெளியே வந்தபோது, முத்துமாரியம்மாள் கையிலிருந்த கப்பை வேப்பமரத்தடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, ஊத்திட்டீங்களே!"

"நீங்க உள்ள போயி நல்லதாக் குடிச்சிட்டீங்க. எங்களுக்கு இதுதானே" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை; இருப்பதைச் சொன்னார். பிறகு அவரே தொடர்ந்தார். "நல்ல காப்பி வேணும்னா மணமேல்குடிக்கு வாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஷர்லி கடைன்னு கேளுங்க. காலையில பத்து மணி வரைக்கும் மீனு, முட்டை எதுவும் உள்ள வராது. ஒங்களுக்குச் சரியா இருக்கும்."

ஹாரன் அடித்தது. முத்துமாரியம்மாள் ஏறிக்கொள்ள, வண்டி போய்விட்டது.

இவர்கள் திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நிழற்குடையில் உட்கார்ந்தார்கள். நாகராசு ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒரு தடவ ஒரு வாத்தியாரு வந்து, 'டிரைவர் சார், இந்தக் கடை வேணாம், வேற கடையில நிறுத்துங்க'ன்னாரு. நாக்கு அம்புட்டு ருசி கேட்டா சொந்தக் கார்ல போங்கன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு போயி ஒக்காந்துட்டாரு."

"ஒங்களுக்குத் தெரிஞ்சா சொன்னீங்க?"

"தெரியலதான். ஆனா பத்தொம்பது வருசம், தெலகா. ஒரு நாள் வெளிய நின்னு குடிச்சுப் பாத்துருக்கலாம்ல?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுரோட்டில் அப்படிச் செய்கிறவள் இல்லை. ஆனால் ஒரு ஆடு மேய்ப்பவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

அடுத்த நான்கு நாளும் அவர் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைப் பேசாமல் வைத்தார். குறையும் இல்லை, பாராட்டும் இல்லை. இதற்கு அந்தப் பழைய புலம்பலே தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வியாழக்கிழமை அவளே சொன்னாள். "சனிக்கெழம மணமேல்குடி போறோம்."

"அங்க என்னையத் தெரிஞ்சவங்க நெறையப் பேரு இருப்பாங்க. மறுபடி உள்ள வாங்கம்பாங்க. வேணாம்."

"அந்தக் கடைக்காரிக்கு ஒங்களத் தெரியாது. முத்துமாரியம்மாட்ட போன்ல கேட்டேன், அந்தக் கடை தொறந்தே நாலு வருசந்தானாம். நீங்க வண்டிய நிறுத்திட்டு டிரைவருங்க ரெஸ்ட் ரூம்ல தூங்குற நேரத்துல அது பாட்டுக்கு நடந்துருக்கு."

அவர் யோசித்துப் பார்த்தார். மணமேல்குடிக்குப் பத்தொன்பது வருடம் போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

சனிக்கிழமை எட்டரை மணிக்குப் போய் இறங்கினார்கள். பூ விற்கிற பெண்ணிடம் திலகவதிதான் வழி கேட்டாள். தகரக் கூரை, நீல வண்ணம் அடித்த சுவர், ஐந்து மேசை. ஐந்திலும் ஆள் இருந்தார்கள். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்: ஆஸ்பத்திரி நர்சுகள், ஒரு வி.ஏ.ஓ., தலையில் ஈரத் துண்டோடு ஐஸ் பிளான்ட் ஆட்கள். நாகராசு கடைசியாகப் போய் உட்கார்ந்தார். இருபது நிமிடம் ஆனது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஷர்லிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அடுப்படியிலிருந்தே எல்லோரையும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை காலியானதும், "அண்ணே, அக்கா, வாங்க. பணியாரம் சூடா இருக்கு, வைக்கவா?" என்றாள்.

வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்தன. திலகவதி வழக்கம்போல முதலில் முகர்ந்து பார்த்தாள். ஷர்லி அதைக் கவனித்துவிட்டாள்.

"பயப்படாமச் சாப்புடுங்கக்கா. மதியத்துக்கு மீன் கொழம்பு உண்டு, அதுக்குச் சட்டி கரண்டி எல்லாம் தனி. பின்னாடிக் கொட்டகையில இருக்கு. இங்கிட்டு வராது."

"நீங்க மீனு சாப்புடுவீங்கல்ல?"

"நல்லாக் கேட்டீங்க! எங்க வீட்டுக்காரரு ஜஸ்டின் ஜெகதாப்பட்டினத்துல போட்டுல மீன் பிடிக்கப் போறவரு. இன்னைக்கு விடியக்காலைலதான் போயிருக்காரு. மீனில்லாம எங்களுக்கு ஒரு வேள ஓடாது. ஆனா ஆஸ்பத்திரி டியூட்டிக்கு வர்ற பிள்ளைகள்ல பாதிப் பேரு சைவம். வெறும் பன்னத் தின்னுட்டு வேல பாத்துக்கிட்டு இருந்துச்சுக. அதான் காலைய அதுகளுக்குன்னு ஒதுக்கிட்டேன்."

திலகவதி பணியாரத்தைப் பிட்டு வாயில் போட்டாள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் பஞ்சு போலவும் இருந்தது. ஏழு சாப்பிட்டாள். வெளியிடத்தில் எண்ணம் எதுவும் குறுக்கே வராமல் அவள் சாப்பிட்டது அதுவே முதல் தடவை.

பிறகு காபி வந்தது. நாகராசு டம்ளரைக் கையில் எடுத்துவிட்டு, பக்கத்து மேசையைப் பார்த்தார். ஐஸ் பிளான்ட் ஆள் குடிப்பதும் அதே நிறம், அதே நுரை. அதன் பிறகுதான் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"எப்படி?" என்றாள் திலகவதி.

"கொஞ்சம் சிக்கரி கூட. ஆனா நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு."

அப்போது காக்கிச் சட்டை போட்ட ஒரு டிரைவர் அவசரமாக உள்ளே நுழைந்தார். "யக்கா, ஒரு காப்பி. வண்டி எடுக்கணும்."

"எல்லாரும் நிக்கிறாங்கண்ணே. வரிசையில வாங்க" என்றாள் ஷர்லி.

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நாகராசு தனக்கு இரண்டாவது காபி சொல்லியிருந்தார். அது அப்போதுதான் மேசைக்கு வந்தது. எழுந்து அதை டிரைவரிடம் நீட்டினார்.

"இதக் குடிங்க தம்பி. எனக்கு அவசரமில்ல, திரும்ப வரிசையில நின்னுக்கிறேன்."

"ஐயோ, வேணாம் சார்."

"அட, பிடிங்க. ஒங்களுக்கும் பாசஞ்சருக்கும் இங்க ஒரே டிகாஷன்தான், அதான் குடுக்குறேன்."

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கிக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி ஓடினார். திலகவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாகராசுவும் சிரித்தார். நிழற்குடையில் உட்கார்ந்த அன்றைக்குப் பிறகு அவர் இப்போதுதான் சிரிக்கிறார்.

மேசையைக் காத்திருந்தவர்களுக்கு விட்டுவிட்டு, இருவரும் வெளி பெஞ்சில் மறுபடி கடைசியாகப் போய் உட்கார்ந்தார்கள். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. புதுக்கோட்டை வண்டி உறுமிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே திரும்பியது. நாகராசு அது போவதைப் பார்த்தார்.

"நம்ம வண்டி போகுதுங்க" என்றாள் திலகவதி.

"போகட்டும்" என்றார் அவர். "ஒனக்கும் இன்னொரு காப்பி சொல்லவா?"