வரிக் கந்தோருக்குப் போன பகிடி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத சாமித்தம்பி, இந்த முறை கனடா அரசாங்கத்திடமே பகிடி விட்டுவிட்டார்.

நடந்தது ஸ்காபரோவில், பலசரக்குக் கடைக்கு மேலிருக்கும் சங்க மண்டபத்தில். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சனிக்கிழமைகளில் வரிப் படிவத்தை இலவசமாக நிரப்பி அரசாங்க வரிக் கந்தோருக்கு அனுப்பிக் கொடுப்பார்கள். அன்று கணினிக்கு முன்னால் இருந்தவள் யதுஷா. இங்கேயே பிறந்த பிள்ளை. சொன்னதைச் சொன்னபடியே நம்புவாள். பகிடிக்காரருக்கு இதைவிட ஆபத்தான ஆள் கிடையாது.

“அங்கிள், நீங்களும் ஆன்ரியும் ஒண்டாத்தானே இருக்கிறீங்க?”

“அது எங்க, மகள்! சமையல் வேற, படுக்கை வேற, ரீவியும் வேற. அவ என்னை விட்டுட்டுப் போய் எவ்வளவு காலம்!”

“ஓ… சொறி அங்கிள். எப்ப இருந்து?”

அந்தக் குரலில் இருந்த இரக்கம் சாமித்தம்பிக்குப் பிடித்துப்போயிற்று. “சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள்,” என்று பெருமூச்சும் ஒன்று விட்டார். யதுஷா திகதியைத் தேடிப் பார்த்து, ‘பிரிந்தவர்’ என்று பதிந்து அனுப்பிவிட்டாள்.

உண்மையில் மனைவி நாகேஸ்வரி போயிருந்தது ஸ்ரௌவ்விலில் இருக்கும் மகள் வீட்டுக்கு. மகள் வேலைக்குத் திரும்பியதால் பேரப்பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ‘கொஞ்ச நாளைக்கு’ என்றுதான் போனார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று சாமித்தம்பி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். தினமும் தொலைபேசியில் பகிடி மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள், மாமியின் வரியைச் செய்ய உட்கார்ந்த மருமகன், மாமாவின் வருமான விவரம் வேண்டும் என்றார். சாமித்தம்பி, யதுஷா கொடுத்த தாளை வாசித்தும் பார்க்காமல் படமெடுத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் நாகேஸ்வரி அழைத்தார்.

“இஞ்சேருங்க, நாம பிரிஞ்சிட்டமாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“அது சும்மா பகிடிக்கு…”

“அப்ப போய் அந்தப் பகிடிய அழிச்சிட்டு வாங்க.”

அடுத்த சனிக்கிழமை யதுஷா தலையில் கைவைத்தாள். “ஓ மை கோட், அங்கிள்! பேபி பாக்கப் போறது செப்பரேஷன் இல்ல. ரெண்டு பேருக்கும் சரிவராமல் தொண்ணூறு நாளாவது விலகி இருந்தாத்தான் அப்பிடிப் போடலாம். இது பிழையா இருந்தா கவர்மென்ட் தாற பெனிபிட்ஸ் காசு எல்லாம் பிழையா வரும், பிறகு திருப்பிக் கேப்பாங்க. நான் திருத்தி அனுப்புறன். பட் இந்த முறை நோ ஜோக்ஸ். உங்களுக்கும் ஆன்ரிக்கும் சரிவராமல் போனதா, இல்லையா?”

சாமித்தம்பியின் நாக்கு நுனியில் இரண்டு பகிடிகள் முண்டியடித்தன. யதுஷாவின் விரல் விசைப்பலகைக்கு மேலே காத்திருந்தது. அவர் இரண்டையும் விழுங்கினார்.

“சண்டை ஒண்டும் இல்ல மகள். ஆனா திரும்பி வருவாவோ தெரியா. நான் கேக்கல்ல.”

“இவ்வளவு நாளும் கேக்கவே இல்லையா?”

“இல்ல.”

“அங்கிள், போய்க் கேளுங்க. நான் இதை முடிக்கிறன்.”

படிக்கட்டில் நின்று அழைத்தார். மறுமுனையில் பிள்ளை கரண்டியால் எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

“என்ன, வரி சரியாகிட்டா?” என்றார் நாகேஸ்வரி.

“அது சரியாகும். நீ எப்ப வீட்ட வாறாய்?”

கரண்டிச் சத்தம் நின்றது. நாகேஸ்வரி அதைப் பிள்ளையிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும்.

“நான் வரமாட்டன்.” குரலில் கோபமே இல்லை. “நம்மட பில்டிங்கில லிஃப்ட் நிண்டா அவ்வளவு மாடியும் ஏற இந்த முழங்காலுக்கு ஏலாது. இஞ்ச ஒரு அறை சும்மா கிடக்கு, நீங்க வாங்க. இஞ்ச பஸ் இல்ல, உங்கட தேத்தண்ணிக் கூட்டாளிமாரும் இல்ல. நான் இருக்கன்.”