ஒரு கொட்டும் முழங்காத திடல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. கடலூரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். மனு, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ் எல்லாம் எழுதித் தருவேன். ஆள் வராத நேரத்தில் கதையும் எழுதுவேன். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் நடப்பதுதான் கோளாறு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கெடிலம் ஆற்றங்கரையில் மாலை வெயில் மெல்லச் சாய்ந்து

[வேண்டாம். நடந்தது பகல் பதினொன்றரைக்கு, தாலுகா அலுவலகத்தில்.]

2

எங்கள் ஊரில் ஐவர் திடல் இருக்கிறது.* வெள்ளைக்காரன் காலத்தில் ஊர்வலம் போன ஐந்து பேரைச் சுட்டுக் கொன்ற இடம். நடுவில் ஒரு தூண். அங்கே ராக் கச்சேரி நடத்த ரோசி அனுமதி கேட்டிருந்தாள். டிரம்ஸ் வாசிப்பவள். வெளியூரெல்லாம் வாசித்துவிட்டாள், சொந்த ஊரில் இதுதான் முதல் மேடை.

(* வரைபடத்தில் தேட வேண்டாம். பெயர் நான் வைத்தது.)

ஒரு கட்சியின் நகரச் செயலாளர் தேவநாதன் என் கடைக்கு வந்தார். [கதையின் முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். அவரை வில்லனாக்கினால் எனக்கு வசதி. உண்மையில் மீசையே கிடையாது.]

"ரத்தம் சிந்துன எடம்ண்ணே. அங்க போயி லைட்டப் போட்டுக்கினு குதிக்கிறதா? செத்ததுல ஒருத்தரு எங்க தாத்தாவோட அண்ணன். நல்லா உறைக்கிற மாதிரி ஒரு மனு எழுதுங்க."

தேர்தல் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன்.

எழுதினேன். முடிக்கும்போது கை சும்மா இருக்கவில்லை. 'அன்று முதல் இன்றுவரை இத்திடலில் ஒரு கொட்டும் முழங்கியதில்லை.' யாரும் எனக்குச் சொன்ன செய்தி அல்ல. வாக்கியம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். தேவநாதன் படித்துப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

3

ரோசியின் அப்பா சூசைமாணிக்கம் என்னோடு படித்தவன். பங்குக் கோயில் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கிறான்.

நம் பக்கத்தில் கையெழுத்தை வெற்றுத் தாளில்தான் வாங்குவார்கள். மனுவை அப்புறம் மேலே வைத்துக் குண்டூசி குத்துவார்கள். கட்சிக்காரர்கள் அவனிடம் போய், திடலைப் பாதுகாக்க மனு என்றிருக்கிறார்கள். சுற்றுச்சுவர் கட்டத்தான் என்று நினைத்திருக்கிறான். "யாரு எழுதுனது?" என்று மட்டும் கேட்டானாம். என் பெயரைச் சொன்னதும் பதினான்காவது ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

4

தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. தேவநாதன் என்னையும் கூட்டிப் போயிருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தாசில்தார் சந்திரலேகா என் வாக்கியத்தை உரக்கப் படித்தார்.

அப்பாவோடு வந்திருந்த ரோசி எழுந்தாள். "மேடம், வருசா வருசம் நினைவு நாளுக்கு எங்கப்பாதான் அந்தத் தூணுகிட்ட டிரம் அடிக்கிறாரு. அவரையே கேளுங்க."

உண்மை. ஒரு வருடம் நானே நின்று கேட்டிருக்கிறேன். எழுதும்போது அது எங்கே போனது என்று தெரியவில்லை.

"உங்க அப்பாவே இதுல கையெழுத்துப் போட்டிருக்காரும்மா" என்றார் தாசில்தார்.

முடிவு ஒன்று: நான் எழுந்து, அந்த வரி என் கற்பனை என்கிறேன். [எழுதிப் பார்த்தேன். மிக நன்றாக வந்தது. அதனாலேயே அழித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: தேவநாதன் மனுவைத் திரும்பப் பெறுகிறார். [பெறவில்லை. "அது அஞ்சலிங்க, கச்சேரி வேற" என்றுதான் முணுமுணுத்தார். அதையாவது அவர் சொன்னார்.]

நடந்தது: சூசைமாணிக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் செல்போனைப் பார்த்தேன்.

"எழுதுனவன் படிச்சவன் மேடம். பொய் எழுத மாட்டான். இருவது வருசமா நான் அடிச்சதுதான் தப்பா இருக்கும். இனிமே அடிக்கல."

ரோசி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். உத்தரவு வெள்ளிக்கிழமை என்றார் தாசில்தார்.

5

இன்று வியாழன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் இரண்டு கோப்புகள் திறந்திருக்கின்றன. ஒன்று இந்தக் கதை. முடிந்துவிட்டது, பிழை திருத்தியாயிற்று. மற்றது தாசில்தாருக்கு ஒரு கடிதம்: 'மேற்படி மனுவின் கடைசி வாக்கியம்' என்பதோடு நிற்கிறது.

அலுவலகம் நாளை பத்து மணிக்குத் திறக்கும். எதை அச்செடுக்க?