பாட்டரி உட்காரும் இடம்

தேவநாதனுக்கு ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் தெரியும். தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் நல்லது. பூட்டு, பலாப்பழம், பீரோ எல்லாவற்றுக்கும் இதே பரீட்சைதான். அன்று ஜங்ஷன் ரோட்டு பாட்டரிக் கடையிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி, முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார்.

கடைக்காரி அன்பரசி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"வண்டி எதுங்க?"

"ஜீப்பு. பழைய டீசலு. நாலு சக்கரமும் இழுக்கும்."

"எங்க ஓடுது?"

"எங்கப்பா கொட்டாய்க்கு. வேப்பூர் ரோட்டுலேருந்து உள்ள போவணும். பாதை பூரா களிமண்ணு, நடுவுல ஓடை."

"நெதம் எடுப்பீங்களா?"

"வாரத்துல ரெண்டு தரம். மத்த நாள்ல சும்மா நிக்கும்."

"பழைய பாட்டரி உக்காந்திருந்த தட்டு எப்படி இருக்குது?"

"ஆசிட்டு வழிஞ்சி துருப்புடிச்சி ஓட்ட உழுந்துடுச்சு."

டாக்டர்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் குட்டையான ஒரு பாட்டரியை எடுத்து முன்னால் வைத்தாள். "இதாங்க உங்களுக்கு. தண்ணி ஊத்த வாணாம். எவ்ளோ குலுங்கனாலும் உள்ள இருக்கற தகடு அசையாது. அளவும் பழசோட அளவுதான். வெல்டிங் பட்டறையில புதுத் தட்டு ஒன்னு போட்டு, மேல பட்டை வெச்சி இறுக்கிடுங்க."

தேவநாதன் தூக்கிப் பார்த்தார். பிடிக்கவில்லை. அவர் கண், மூலையில் இருந்த பெரிய பாட்டரி மேல் போயிற்று.

"அது லாரிக்குங்க," என்றாள் அன்பரசி. "உங்க வண்டியில அது உக்காராது. பெருசா சின்னதாங்கறது முக்கியம் இல்ல. ஆடாம உக்கார ஒரு எடம் வேணும், அதான் முக்கியம்."

"எடத்த நான் பாத்துக்கறேன். எங்கப்பா உசுரு இதுல இருக்குது."

சும்மா சொல்லவில்லை. அப்பா பழமலைநாதனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. வாரத்தில் இரண்டு முறை விருத்தாசலத்தில் டயாலிசிஸ். அவர் இருப்பதோ ஓடைக்கு அந்தப் பக்கம், நிலத்திலேயே கட்டிய கொட்டாயில், தனியாக. மழைக்காலம் வந்துவிட்டால் அங்கே ஆட்டோ வராது, பைக் வழுக்கும், ஆம்புலன்ஸ் ஓடைக்கு இந்தக் கரையிலேயே நின்றுவிடும். களிமண் ஏற்றிவர தேவநாதன் எப்போதோ வாங்கிய ஜீப் ஒன்றுதான் போகும்.

போன மாதம் அந்த ஜீப்பும் எடுக்கவில்லை. பாட்டரி செத்துப்போயிருந்தது. ஒரு டயாலிசிஸ் தவறியது. பெரியவருக்கு முகம் வீங்கி, படுக்க முடியாமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினார். மறுநாள் யார் யாரையோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்ததும் அவர் சொன்னார்.

"தோ பாரு தேவநாதா. இன்னொரு தரம் வண்டி நின்னுதுன்னா, அன்னியோட நானும் நிறுத்திக்கிறேன். யாரும் என்னைக் கூப்புடக் கூடாது."

"நிக்காதுப்பா. நின்னா என்னைக் கேளு," என்றார் மகன், கோபத்தில்.

பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் பழமலைநாதன் சொன்னால் சொன்னதுதான். தம்பி வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று ஒருமுறை சொன்னவர், அந்தத் தம்பி செத்தபோதுகூடத் தெருவில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினார். அதனால்தான் தேவநாதனுக்குத் தூக்கம் போயிற்று. இரவல் பாட்டரி ஒன்றைக் கயிற்றால் கட்டித்தான் இத்தனை நாள் வண்டியை ஓட்டினார். அவருடைய மனைவி பூர்ணிமா, "அப்பனும் புள்ளையும் சேந்து என் உசுர வாங்கறீங்க. ஒரு நாளைக்கு மணவாளநல்லூர் போயி கொளஞ்சியப்பர் சாமிகிட்ட ரெண்டு பேரு மேலயும் சீட்டெழுதி பிராது கட்டிட்டு வந்துடறேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்வாளே தவிர, மாமனாருக்கு உப்பில்லாமல் சோறு ஆக்கிக் கொடுத்தனுப்புவதும் அவள்தான்.

தேவநாதன் லாரி பாட்டரியைத்தான் வாங்கினார்.

அன்பரசி சொன்னது சரி. அது உட்காரவில்லை. பழைய தட்டைவிட நீளம், உயரமும் கூட. வெல்டிங் பட்டறைக்குப் போயிருக்கலாம். ஆனால் தேவநாதன் செராமிக் ஆள். தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு சூளை வைத்து ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிறவர். இரும்பை ஆசிட் அரித்துவிட்டது என்றதும் அவர் புத்தி வேறெங்கே போகும்? பீங்கானை ஆசிட் அரிக்காது. பீங்கானில் கரண்ட் பாயாது. பாட்டரியின் அளவுக்கு அச்சு எடுத்து, நாலு பக்கமும் விளிம்பு வைத்து, தொட்டில் மாதிரி ஒரு தட்டு செய்தார். வெள்ளை கிளேஸ் பூசிச் சூளையில் வைத்தார். வெந்து வெளியே வந்தபோது, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கலாம்போல அவ்வளவு அழகாக இருந்தது.

பூர்ணிமா பொம்மைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒடையாதா இது?"

"சூளையில வெந்தது. எப்படி ஒடையும்?"

"அப்ப நான் எதுக்கு இந்த வைக்கோல எல்லாம் வெச்சிக்கினு கெடக்கறேன்?"

தேவநாதன் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு பீங்கானையும் வைக்கோலில் சுற்றி, 'உடையும் பொருள்' என்று எழுதி லாரியில் ஏற்றிய மனுஷன், ஓடையிலும் பள்ளத்திலும் குதித்துப் போகிற ஜீப்புக்குள் பீங்கானைப் பொருத்தினார். அப்பா மேல் இருந்த பயத்தில் சொந்தத் தொழிலே அவருக்கு மறந்துவிட்டது.

புது பாட்டரி போட்டதும் ஜீப் சாவியைத் தொட்டவுடன் உறுமியது. முதல் முறை போனபோது தேவநாதன் கொட்டாய் வாசலில் வண்டியை நிறுத்தி, நிறுத்தி, மூன்று தடவை எடுத்துக் காட்டினார். பெரியவர் கட்டிலில் இருந்தபடியே பார்த்தார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. அன்று டயாலிசிஸ் முடிந்ததும் வழக்கம்போல மகனுடைய டவுன் வீட்டில், கூடத்துப் பாயில் கொஞ்ச நேரம் படுத்திருந்தார். அங்கே படுக்கும்போதெல்லாம் பின்னறையையே பார்த்துக்கொண்டிருப்பது அவர் பழக்கம். அந்த அறை நிறைய விற்காத பொம்மைப் பெட்டிகள். மகனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்று எண்ணிப் பார்க்கிறார் போலும் என்று பூர்ணிமாவுக்கு எரிச்சலாக வரும். வெயில் தாழ்வதற்குள் அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள்.

அடுத்த வாரம் நல்ல மழை. மழை விட்ட மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியும் போய்ப் பெரியவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அவர் முன்சீட்டில், பூர்ணிமா துணிப்பையோடு பின்னால். ஓடையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். ஜீப்புக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் தண்ணீருக்கு அடியில் புதிதாக அரித்த பள்ளம் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. முன்சக்கரம் இறங்கி, குதித்து, ஏறியது. உள்ளே ஏதோ 'டக்' என்றது. பானட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. வயர் கருகிய வாடை. தேவநாதன் பதறி வண்டியை அணைத்துவிட்டுத் தண்ணீரில் குதித்தார்.

பானட்டைத் திறந்தால், தொட்டில் மூன்று துண்டு. பாட்டரி கவிழ்ந்து இரும்பில் சாய்ந்திருந்தது. கனம் வேண்டும் கனம் வேண்டும் என்று பார்த்து வாங்கிய அந்தக் கனமே அதை உடைத்திருந்தது. கேபிள் வெந்து ஒட்டிப்போயிருந்தது. ஆசிட் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னா?" என்றார் பெரியவர், சீட்டில் இருந்தபடி.

தேவநாதன் ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று பளபளத்தது.

"நீ செஞ்சதா?"

"ஆமாம்ப்பா."

"நல்லாத்தான் செஞ்சிருக்கற," என்றார் பழமலைநாதன். துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெகு நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "என்னைக் கொட்டாய்ல கொண்டுபோயி உட்டுடு," என்றார்.

தேவநாதன் பக்கத்து நிலத்து மாணிக்கவேலுக்குப் போன் போட்டார். நல்ல மனுஷன், சொன்னதும் டிராக்டரோடு வந்தார். ஜீப்புக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, டிரெய்லரில் தார்ப்பாயும் விரித்துக் கொடுத்தார். பெரியவர் அசையவில்லை.

"ப்பா, வா. ரோடு வரைக்கும் போயிட்டா அங்கேருந்து காரு புடிச்சிடலாம்."

"பேசனது பேசனதுதான்டா."

"என் தப்புப்பா. பாட்டரி தப்பு, தட்டு தப்பு, எல்லாம் நான் பண்ணது. அதுக்கு நீ ஏன்..."

"உன்மேல ஒன்னும் கோவம் இல்ல. வண்டி நின்னுடுச்சு. அவ்ளோதான்."

அப்பாவின் கணுக்கால் இப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. தேவநாதன் தண்ணீரில் நின்றபடி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார். ஐம்பதைத் தொடப்போகிற ஆள், அடுத்தவர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதார். மாணிக்கவேல் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பூர்ணிமாவுக்குப் பயம் வந்தது. அவளுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"மாமா, ஒரு மனுசன் இதுக்கு மேல என்னா பண்ணணும்? சூளைய அணைச்சிட்டு, வேலைய உட்டுட்டு, ராவும் பகலும் இந்த வண்டி வண்டின்னு சாவறாரு. என்னாதான் வேணும் உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

திட்டத்தான் கேட்டாள். ஆனால் பெரியவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"சொல்லவா?"

"சொல்லுங்க."

"உங்க வூட்டுப் பின்னறையில சன்னலோரமா இருக்கற பெட்டிங்கள கொஞ்சம் தள்ளி வெச்சா ஒரு கட்டில் போடலாம். பாயில படுத்துக்கினு பாத்துக்கினே இருப்பேன். அந்த மூலை சரியா இருக்கும்."

ஓடைத் தண்ணீர் சக்கரத்தில் மோதி ஓடிக்கொண்டிருந்தது.

"நீதானப்பா கொட்டாய உட்டு வரமாட்டேன்னு சொன்ன," என்றார் தேவநாதன்.

"அது மாடு இருந்தப்ப. மாட்ட வித்துட்டுத்தான் வருசமாவுதே. அதுக்கப்புறம் யாரு கேட்டீங்க? அந்தப் பாட்டரிக் கடைக்காரப் பொண்ணு வண்டிய பத்தி என்னென்னமோ கேட்டுச்சுன்னு நீயே வந்து சொன்ன. எங்க ஓடுது, எத்தனி நாளு நிக்குது, எங்க உக்காருதுன்னு. என்னையும் அப்படி யாருனா கேட்டா தேவலைன்னு இருந்துச்சு. நானா எப்படிடா வந்து உக்கார்றது, ஒருத்தரும் வான்னு சொல்லாம? வாரத்துக்கு ரெண்டு தரம் ஏத்திக்கினு போயி, ரெண்டு தரம் எறக்கி உட்டுட்டுப் போறீங்க. இந்த அலைச்சல் எனக்கு வாணாம். சாவறேன்னு சொல்லல. இப்படி வாணாம்னுதான் சொன்னேன்."

பூர்ணிமாவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. பின்னறையில் கட்டில் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு வாளி, ராத்திரி இருமல், அளந்து கொடுக்க வேண்டிய தண்ணீர், ஒரு நாள்கூட அம்மா வீட்டுக்குப் போக முடியாத பிழைப்பு. அதெல்லாம் ஒரு நொடியில் அவள் மனசுக்குள் வந்து போயிற்று. இல்லை என்று சொன்னால் பொய். அவள் ஒன்றும் சாமி இல்லை. ஆனால் அவர் மடியில் இருந்த அந்த வெள்ளைத் துண்டையும், அதைப் பிடித்திருந்த வீங்கிய விரல்களையும் பார்த்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க மாமா. தண்ணி ஜில்லுனு இருக்கும். காலப் பாத்து வைங்க."

அவர் மகனைப் பார்க்கவில்லை. மருமகளையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெகுவாகத் தாமதமாகிவிட்டது. மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. உடனே டயாலிசிஸில் போட்டார்கள். பிழைத்துக்கொள்வார், ஆனால் உடம்பு ரொம்பத் தளர்ந்திருக்கிறது, இனி அலையவிடாதீர்கள் என்றார் டாக்டர். குழாய்களுக்கு நடுவே வாய் திறந்தபடி பெரியவர் தூங்கினார். உடைந்த பீங்கான் துண்டு தலைமாட்டில் இருந்தது. யாரும் அதை எடுத்துப்போடவில்லை.

வெளியே வராந்தாவில் தேவநாதன் அன்பரசிக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். அவள், 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"பழைய அளவுலயே ஒன்னு எடுத்து வெக்கட்டுங்களா? இல்ல, வேற எதுனா பாக்கலாமா?" என்று கேட்டாள்.

தேவநாதன் போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "எந்த பாட்டரின்னு கேக்குது. என்னான்னு சொல்றது?"

பூர்ணிமா முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சேறு படிந்த தண்ணீர் தரையில் சொட்டியது.

"பாட்டரி கெடக்குது," என்றாள். "அந்தப் பெட்டிங்கள எல்லாம் எங்க தூக்கி வெக்கப்போறீங்க? மொதல்ல அதச் சொல்லுங்க."

தேவநாதன் அங்கேயே விரல்விட்டுப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். கையில் இருந்த போனில் அன்பரசி ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.