எலிக்காரி

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு எலிக்காரி என்று பெயர். வயதாக ஆக மறதி ஏன் வருகிறது என்பது அவள் ஆராய்ச்சி. அதற்காக இரண்டு வருடமாக வெள்ளெலிகளைத் தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டு, கரையேறும் மேடையைக் கண்டுபிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா போனை எடுத்ததும், "பேரப்பசங்க சாப்பிட்டாங்களா?" என்றுதான் கேட்பார். "கல்யாணம் பண்ணிக்கோடின்னா எலிக்கு ஆயா வேலை பாக்குறா" என்று பின்னாலிருந்து அம்மா முணுமுணுப்பாள்.

தொற்று பரவி ஊர் அடங்கியபோது விலங்குக்கூடத்துக்குள் நுழைய அவள் ஒருத்திக்குத்தான் அனுமதிச் சீட்டு. வெளியூர் போனால் அதுவும் செல்லாது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்றதும் பையில் துணியை அள்ளிப் போட்டாள். அவர்தான் தடுத்தார்.

"வெறும் சளிம்மா. நீ வந்துட்டா அதுங்களுக்கு யாரு இருக்கா?"

சளி நெஞ்சுக்குள் இறங்கியது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தச் சமயம் பார்த்து இங்கே தீவன வண்டியும் நின்றுபோனது. ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இருக்கிற தீவனம் பத்தாதும்மா. எல்லா எலியையும் வலியில்லாம முடிச்சிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தாச்சு. பட்டினி போட்டுச் சாகடிக்கிறதுக்கு இது மேல்."

கூண்டு கூண்டாக எடுத்தாள். பழகிய கை என்பதால் ஒன்றுகூடத் திமிறவில்லை. வாயுப்பெட்டியின் மூடியைத் தானே மூடினாள். முகக்கவசத்துக்குள் கண்ணீர் இறங்கி வாய்க்குள் கரித்தது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. நர்ஸ் போனைப் பிடித்திருந்தார். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அப்பாவின் உதடு அசைந்தது.

"பேரப்பசங்க எப்படி இருக்காங்கன்னு கேக்குறாரு. உங்க பிள்ளைங்களாம்மா?" என்றார் நர்ஸ்.

"எல்லாரும் நல்லா இருக்காங்கப்பா. நான் இப்பவே கிளம்பி வர்றேன்."

அவர் கையை லேசாக ஆட்டினார். வா என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, அவளுக்குப் பிடிபடவில்லை.

பாதி வழியிலேயே தம்பியிடமிருந்து போன் வந்துவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லையாம்.

"முன்னாடியே வந்திருந்தா, வார்டு ஜன்னல் வழியாவாவது பாத்திருப்பியேடி" என்றாள் அம்மா.

பிறகு அம்மாவே அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"விடு. அவரு உசுரா நெனச்ச அந்த எலிங்களாவது பொழச்சுக் கெடக்கே."

அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவுக்காகத்தான் அழுகிறாள் என்று அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.