ஒற்றையாகக் கிடந்த பலகாரம்

ஞாய் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் சீர்த் தாம்பாளங்களோடு வந்து இறங்கினார்கள். சிவப்புத் துணியை விலக்கிப் பார்ப்பது துவா அத்தையின் வேலை.

தேங்காய்த் துருவல் போட்ட புருஷன் பொண்டாட்டி பலகாரத்தை இலையில் மடித்து, ஒன்று புருஷன், ஒன்று பொண்டாட்டி என்று இரண்டிரண்டாகச் சிவப்பு நூலால் கட்டித்தான் வைப்பார்கள். ஓரத்தில் ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தது.

"இதுக்கு ஜோடி எங்க?" என்றாள் அத்தை. "ஒத்தையா வந்தா பொண்ணு ஒத்தையாத்தான் நிக்கணும். தாம்பாளத்தத் திருப்பி எடுத்துக்குங்க."

"நான் என் கையால கட்டினது சம்பந்தி," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "வண்டியில விழுந்திருக்கும்."

மாப்பிள்ளை குவாட்டின் மீசையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. நான் அக்காவின் கையைக் கிள்ளிக் கண்ணால் காட்டினேன்.

"காலையில சாப்பிடலையா?" என்று அக்கா அவரைக் கேட்டாள்.

"பயத்துல எதுவும் இறங்கல. பாதி வழியில பசிச்சிடுச்சு. தாம்பாளம் மடியிலதான் இருந்துச்சு."

"பொண்ணு கேக்க வந்தியா, பலகாரம் திங்க வந்தியா?" என்றாள் அத்தை.

அக்கா அந்த ஒற்றைப் பலகாரத்தை எடுத்து, இலையைப் பிரித்து, எல்லோரும் பார்க்க நிதானமாகத் தின்று முடித்தாள்.

"புருஷன் அவர் வயித்துல, பொண்டாட்டி என் வயித்துல. இனிமே பிரிச்சுக் காட்டுங்க அத்தை."

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தாள். அத்தை மற்றதையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் ஜோடியாகவே இருந்தன.

"சரி, சாமிகிட்ட ஊதுபத்தி ஏத்துங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி மாப்பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சோறு போடுங்க. அவர் பக்கத்துல பழத் தாம்பாளம் இருக்கு."