துண்டுக்குள் கை

என் அக்காள் மகனுக்குக் காளை என்று பெயர் வைத்தவன் நான்தான். பதினெட்டு வயதில் அவன் நெஞ்சு இப்படிப் புடைக்கும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பேன்.

எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்த மாதிரி இரண்டு பக்கமும் நின்றது. பயல் சட்டையைக் கழற்றவே மாட்டான். கிணற்றில் குளித்தாலும் சட்டையோடுதான். பாதிப் பேருக்குச் சட்டையே இல்லாத ஊரில் ஒருவன் சட்டையோடு குளித்தால் சும்மா விடுவார்களா? பேச்சு வரப்பு வரப்பாகத் தாவி, அவனுக்கு நிச்சயம் செய்திருந்த ராக்கம்மாள் வீட்டுக்கும் போய்விட்டது.

ராக்கம்மாளின் அப்பன் மொக்கைச்சாமி வாய் திறக்காத மனுஷன். அவன் வீட்டுப் பேச்செல்லாம் அவனுடைய அண்ணன் ஆண்டிச்சாமிதான் பேசுவார். மேலூரில் அரிசி மண்டி வைத்திருந்தவர். அது யுத்தத்தில் ரேஷன் வந்த வருஷம். ஊர் முழுக்கக் கால்படி அரிசிக்கு வரிசையில் நின்று இளைத்தபோது இவர் மட்டும் எப்படிப் பெருத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கும் நெஞ்சு தொங்கத்தான் செய்தது. நடந்தால் அவருக்கு முன்னால் அது போய்ச் சேரும். அவர் விஷயத்தில் அதற்குச் செல்வக்களை, வாட்டசாட்டம் என்று வேறு பெயர்கள் இருந்தன.

அந்த வாட்டசாட்டம் எங்களுக்கு ஆள் விட்டது: "நலங்கன்னைக்கு மாப்ள சட்டையைக் கழட்டிட்டு மணையில உக்காரட்டும். ஆம்பளதானான்னு பாத்துட்டுத்தான் மறுநாள் தாலி."

நலங்குக்கு இரண்டு மாதம் இருந்தது. மதுரை மாசி வீதியில் பெரிய பலகை மாட்டியிருந்த ஒரு வைத்தியரிடம் பயலைக் கூட்டிப் போனேன். நாங்கள் இன்ன சாதி என்று கேட்டுக்கொண்டு, அவன் மணிக்கட்டில் ஒரு துணியைப் போட்டு, அதன்மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். நோவு நெஞ்சில் இருக்கிறது. மனுஷன் நெஞ்சுப் பக்கமே திரும்பவில்லை.

"கொழுப்பு ஏறிப்போச்சு. அரிசியை நிறுத்து. மூணு வேளையும் கொள்ளு" என்றார்.

ஊரே அரிசிக்கு அலைகிற காலத்தில் அரிசியை நிறுத்தச் சொல்வதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

காளை கொள்ளைத் தின்றான். குதிரை கூட அப்படித் தின்றிருக்காது. நாற்பது நாளில் கன்னம் ஒட்டியது, வயிறு முதுகோடு போனது, விலா எலும்பை எண்ணலாம். நெஞ்சில் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது. முன்பாவது கொஞ்சம் சதைக்கு நடுவில் மறைந்து கிடந்தது. இப்போது ஒட்டிய மார்பில் இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன.

"மாமா, நான் ரங்கூனுக்கு ஓடிப் போறேன்" என்றான்.

"அங்கிருந்துதான்டா எல்லாரும் நடந்தே ஓடி வந்தாங்க. இன்னும் குண்டு விழுகுது. பேசாம கிடாயைப் பிடி, சந்தைக்குப் போவோம்."

மேலூர்ச் சந்தைக்கு மதுரையிலிருந்து அப்துல் வஹீது வருவார். கறிக்கடைக்காரர். ஆட்டின் முதுகில் கை வைத்தால் கறி எம்புட்டு, கொழுப்பு எம்புட்டு என்று சொல்லிவிடுவார். அவர் வாயை நான் நம்பியதில்லை, வியாபாரி வாய். அந்தக் கை மட்டும் பொய் சொல்லாது. கிடாயை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, அவரை ஒதுக்கமாகக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. சந்தையில் நாலு பேருக்குத் தெரியாமல் விலை பேசத் துண்டைப் போட்டு அதற்கடியில் விரலைப் பிடிப்பார்களே, அந்த மாதிரி காளையின் தோளில் துண்டை விரித்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, வெறுங்கையை உள்ளே விட்டார்.

எங்கிருந்தோ ஆட்டுத் தரகன் சுருளி வந்து நின்றான். "என்ன வஹீது அண்ணே, கை துண்டுக்குள்ள இருக்கு, ஆட்டைக் காணமே?"

"ஆடு பின்னால வருது. நீ போப்பா."

அதற்குள் அவர் ஒரு அமுக்கு அமுக்கினார் போலிருக்கிறது. "ஆத்தாடி!" என்று காளை அலறினான்.

"விலையை ரொம்ப இறக்கிட்டாரு போல!" என்று சுருளி சிரித்துக்கொண்டே போனான்.

வஹீது கையை எடுத்தார். "அண்ணே, இது கொழுப்பு இல்ல. கொழுப்புன்னா எங்க பிடிச்சாலும் ஒரே பதமா விரலுக்குள்ள வழுகும், வலிக்காது. இது காம்புக்கு அடியில வட்டமா, கெட்டியா, வில்லை மாதிரி தனியாத் தட்டுப்படுது. அமுக்குனா பயலுக்கு உசிரு போகுது. மடி இறங்குறதுக்கு முன்னால குட்டி ஆட்டுக்கு இப்படித்தான் இருக்கும்."

"அப்ப இவன் பொட்டையா?"

"யா அல்லா! எங்க அக்கா மகன் நூருல் அமீனுக்கும் இந்த வயசுல இருந்துச்சு. பெரியாஸ்பத்திரி டாக்டர் வயசுக் கோளாறுன்னாரு. தானாப் போயிருச்சு. இப்ப மூணு புள்ள அவனுக்கு."

"போகாட்டி?"

"போகாட்டி டாக்டர்கிட்டக் காட்டுங்க. இல்ல, இருந்துட்டுப் போகட்டும். அது என்ன, தனியாச் சோறா கேக்குது? கொள்ளை நிறுத்திட்டுப் பயலுக்குச் சோறு போடுங்க முதல்ல."

நான் அதையும் சும்மா நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, விலை படியாமல் திரும்பிய கிடாயின் கொழுப்பைப் பிடித்துப் பார்த்தேன், பிறகு காளையின் நெஞ்சைப் பிடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. காளைக்குப் பழைய சோறு ஊற்றினேன். அழுதுகொண்டே தின்றான்.

நலங்கன்றைக்கு ஊரே கூடிவிட்டது. கல்யாணம் பார்க்க வந்தவர்களைவிட நெஞ்சு பார்க்க வந்தவர்கள் அதிகம். காளை சட்டையைக் கழற்றி மணையில் உட்கார்ந்தான். பெண் வீட்டுக் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆண்டிச்சாமி எழுந்தார். வெற்று உடம்பில் துண்டை மட்டும் போர்த்தியிருந்தார். "பாத்தீகளா? நான் சொன்னப்ப நம்புனீகளா? எந்திரிங்கப்பா, போவோம்."

நான் அவர் பக்கத்தில் போய், சந்தையில் விடுகிற மாதிரியே அவர் துண்டுக்குள் கையை விட்டு நெஞ்சைப் பிடித்தேன்.

"யோவ், என்னய்யா பண்றே!"

"இருங்க சம்மந்தி, பதம் பாக்குறேன்." விரலுக்குள் வழுகியது. காம்புக்கடியிலும் பிடித்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. "அங்க உக்காந்திருக்கவனுக்கு உள்ள வில்லை இருக்கு, வயசுல வந்தது, வயசோட போகும். உங்களுக்கு அடியில ஒண்ணுமே இல்லையே. அம்புட்டும் அரிசி!"

வரிசையில் நின்று இளைத்தவர்கள் அத்தனை பேரும் அவர் நெஞ்சையே பார்த்தார்கள். பின்னாலிருந்து சுருளி குரல் கொடுத்தான்: "படி எம்புட்டுக்குப் படியுதுன்னு கேளுங்கண்ணே!"

பந்தல் அதிர்ந்தது. ஆண்டிச்சாமி துண்டை இழுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டார். காளை கிணற்றடியில் சட்டையைப் பிடித்துக்கொள்வானே, அதே மாதிரி.

"எந்திரிடா மொக்கை" என்று தம்பியை அதட்டினார். மொக்கைச்சாமி பாதி எழுந்தான். அவன் பெண்டாட்டி ஒச்சாயி அவன் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள்.

"என் மகளுக்குப் புருசன்தான் பாக்குறேன். கறிக்கு ஆடா பாக்குறேன், நெஞ்சைப் பிடிச்சு எடுக்க? போறவுக போகலாம்."

ஆண்டிச்சாமி போனார். கூட ஒருத்தரும் போகவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் கிடாய்க் கறி.

ஒச்சாயி சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து மாப்பிள்ளை முன்னால் குனிந்தாள். கன்னத்தில் தடவினாள், கையில் தடவினாள். நெஞ்சுக்கு வந்ததும் நிறுத்தி, "வலிக்குமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாத்தே" என்றான்.

அவள் காம்பில் படாமல் சுற்றித் தடவினாள்.