நாலாவது சக்கரம்

பெரிய கிளாக்கர் சிவசாமி ஓசியில் எதையும் கேட்கமாட்டார். கேட்காமலே செய்ய வைப்பார். பிரஜாவுரிமை மனுவோடு வைக்க லொறி டிரைவர் பழனியாண்டிக்கு ஒரு கடிதம் வேண்டும். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறான் என்று எழுத ஐந்து நிமிஷம் போதும். மூன்று மாதமாக ‘நாளைக்கு வா’தான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் காரைப் பழனியாண்டியின் லயத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“பழைய பிரேக் ஒயிலை முழுசா எடுத்துட்டுப் புதுசு ஊத்து. பத்து மணிக்கு கினிகத்தேனைக்கு இறங்கணும். வண்டியை எடுக்கும்போது கடிதம் தாறேன்.”

அது ஒற்றை ஆள் வேலையில்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் திருகைத் தளர்த்தினால் பழைய ஒயில் குழாய் வழியே போத்தலுக்கு வரும். திருகை இறுக்கிய பிறகுதான் காலை எடுக்கலாம்.

“ஏறி உட்காரு” என்றான் மனைவி வீரம்மாவிடம்.

“நானா? அய்யா வண்டியிலயா?”

“நான் சொல்றேன்ல. ஏறு.”

காலைக் கழுவித் துடைத்துவிட்டு ஏறினாள். “மிதிச்சாச்சுங்க.” கறுத்த தேத்தண்ணி மாதிரி ஒயில் வந்தது. திருகை இறுக்கிவிட்டு “விடு” என்றான். இரண்டாவது சக்கரத்தில் அவள் குரலில் ஒரு தோரணை ஏறிவிட்டது. மூன்றாவதில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “அப்படியே ஹட்டனுக்குப் போவோமாங்க?” என்றாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவள் இப்படிக் கேலி பேசி அவன் கேட்டதில்லை. காருக்கடியில் கிடந்தபடியே சிரித்தான்.

கிளாக்கர் அரைமணி முந்தியே வந்து தொலைத்தார்.

“இவளை யாருடா சீட்டுல ஏத்தினது?”

நான்தான் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அவர் சட்டைப்பையில் மடித்திருந்த தாள் பழனியாண்டியின் கண்ணில் பட்டுவிட்டது.

“ஏய், யாரைக் கேட்டு ஏறினே? அறிவில்ல? எறங்குடி கீழ” என்று மனைவியை அதட்டினான்.

வீரம்மா இறங்கினாள். அவனே சோப்புத் துணியால் சீட்டைத் துடைத்தான். கிளாக்கர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது சக்கரம் பாக்கி. அவளைக் கூப்பிட அவனுக்கு முகமில்லை. அவளே வந்தாள். திறந்த கதவோரம் சேற்றில் முழங்கால் போட்டு, முந்தானைகூடச் சீட்டில் படாமல் குனிந்து, இரண்டு கையாலும் பெடலை அழுத்தினாள்.

“அமுக்கியாச்சுங்க.”

முன்சக்கரத்தடியில் கிடந்தவனுக்கு அவளுடைய முழங்கால்தான் தெரிந்தது. “விடு” என்று சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான். தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

அவள் பீலித் தண்ணியில் கைகழுவப் போன பிறகு கிளாக்கர் கடிதத்தைக் கொடுத்தார். “இங்கிலீஸ்ல நல்லாவே எழுதியிருக்கேன். பதினோரு வருஷமா இருக்கான், நேர்மையான ஆள்னு.”

கார் போனது. வீரம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“என்னங்க எழுதியிருக்கார்?”

“பதினோரு வருஷமா இங்க இருக்கேன்னு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்” என்றான் பழனியாண்டி.